மோட்டார் ஏன் எரிகிறது? – வோல்ட்டும் ஆம்பியரும் கூறும் கணக்கு

ஊராட்சிகளின் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு ஒரு செய்தி எளிதில் புலனாகும். குடிநீர் மோட்டார் பழுது பார்த்தல், காயில் கட்டுதல், மோட்டாரைக் கழற்றி மாட்டும் கூலி என்னும் இனங்கள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே கிணற்றில், ஒரே மோட்டாருக்கு, ஓராண்டில் இருமுறை காயில் கட்டிய செலவுச் சீட்டுகளையும் நாம் கண்டதுண்டு. மோட்டார் எரிந்துவிட்டது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. அது ஏன் எரிந்தது என்று எழுதப்படுவதில்லை. உழவர்களின் தோட்டங்களிலும் நிலைமை இதுவே. வேளாண் மின்னிணைப்புக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை எனினும், எரிந்த மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தூக்கிப் பட்டறைக்கு அனுப்பி மீண்டும் இறக்கும் செலவு முழுவதும் உழவரையே சார்ந்தது. இடைப்பட்ட நாட்களில் பயிர் வாடுவது வேறு.

காரணத்தை அறியப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. மோட்டாரின் ஸ்டார்ட்டர் பலகையில் இரண்டு முள்மானிகள் இருக்கின்றன. ஒன்று வோல்ட்டைக் காட்டுவது. மற்றொன்று ஆம்பியரைக் காட்டுவது. பல இடங்களில் இவை பெயருக்குத் தொங்குகின்றன. கண்ணாடி உடைந்து, முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டவையும் உண்டு. இவ்விரண்டு எண்களும் கையில் இருந்தால், பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் மோட்டாருக்கும் கம்பிக்கும் என்ன நேர்கிறது என்று கண்டுகொள்ளலாம். அக்கணக்கை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தடையும் திறனும்

நம் ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருப்பதால் நீருக்கு அழுத்தம் கிடைக்கிறது. குழாயில் ஒரு நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என்று நீர் ஓடுகிறது. குழாய் ஒடுக்கமாகவோ, நெடுந்தூரம் செல்வதாகவோ, உள்ளே பாசி படிந்ததாகவோ இருந்தால் ஓட்டம் தடைப்படுகிறது. மின்சாரத்திலும் இம்மூன்றும் உண்டு. அழுத்தத்தை வோல்ட் என்றும், ஓட்டத்தை ஆம்பியர் என்றும், தடையை ஓம் என்றும் அளக்கிறோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் வருவது தடை. அஃதாவது, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்.

இவ்விதியை 1827-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். அவர் நாட்டு அறிஞர்கள் அதனை உடனே மதிக்கவில்லை. இங்கிலாந்தின் ராயல் சங்கம் 1841-இல் அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்த பிறகே அவர் பெயர் பரவியது. இன்று உலகெங்கும் தடையின் அளவுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

அடுத்தது திறன். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். மின்கட்டண அட்டையில் எழுதப்படுவது இந்த யூனிட்டே. மோட்டாருக்கு நாம் கூறும் ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. தண்ணீர் காய்ச்சும் மின்கம்பி ஒன்றில் 230 வோல்ட், 1,500 வாட் என்று எழுதியிருக்கிறது. 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5, ஆகவே அது ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் அதன் தடை 35 ஓம் என்று தெரிகிறது. அழுத்தம் 204 வோல்ட்டாகக் குறைந்தால் என்ன ஆகும்? தடை மாறுவதில்லை என்று கொள்ளலாம். 204-ஐ 35-ஆல் வகுக்க 5.8 ஆம்பியர், 204-ஐ 5.8-ஆல் பெருக்க 1,183 வாட். அழுத்தத்தில் குறைந்தது நூற்றுக்குப் பதினொரு பங்கு. திறனில் குறைந்ததோ நூற்றுக்கு இருபத்தொரு பங்கு. வீட்டில் தண்ணீர் காயத் தாமதமாவதற்கு இதுவே காரணம்.

பழைய குண்டு விளக்கை வைத்து இக்கணக்கைச் சோதிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். 60 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை 880 ஓம் அளவில் இருக்கும். அணைந்து குளிர்ந்த விளக்கை மானியில் வைத்தால் அதில் பதினைந்தில் ஒரு பங்குகூடக் காட்டாதிருக்கலாம். மானி பழுதென்று எண்ண வேண்டா. உலோக இழை சூடேற ஏறத் தடையும் ஏறும்.

கம்பியே தின்னும் மின்சாரம்

ஊராட்சிகளுக்கு மிகவும் பயன்படும் பகுதி இனி வருவது. மினி பவர் பம்பு என்று வழங்கும் சிறு மின்விசைப் பம்பு இல்லாத குக்கிராமம் இன்று அரிது. ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டார். மின்கம்பத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் தொலைவில் ஆழ்துளைக் கிணறு. இடையில் 4 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள அலுமினியக் கம்பி. இவ்வாறான ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, சூடேறுகிறது, தொட்டி நிரம்ப நெடுநேரம் ஆகிறது. மோட்டாரை மாற்ற வேண்டும் என்று ஊரில் ஒருமுகமாகக் கூறுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

உரிமம் பெற்ற மின்கம்பியாள் ஒருவரை அழையுங்கள். கணக்கு நம்முடையது, கம்பியைத் தொடும் வேலை அவருடையது. இந்த எல்லையை எக்காரணத்தாலும் மீறலாகாது. அவர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மேற்கூறிய 1,500 வாட் தண்ணீர்க் கம்பியை ஒரு வாளி நீரில் இட்டு இணைப்பார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். கம்பத்தின் அடியில் வோல்ட், கிணற்றடியில் வோல்ட், ஓடும் ஆம்பியர். கம்பியைச் சுற்றிக் கவ்விப் பிடித்து ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் என்னும் கருவி இப்போது பெரும்பாலான மின்கம்பியாளர்களிடம் இருக்கிறது.

மோட்டாரை வைத்தே அளக்கலாகாதா என்று கேட்கலாம். மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றோடொன்று அடியொற்றிச் செல்வதில்லை. ஆகையால் எளிய வகுத்தல் அங்குச் சிறிது பிழைபடும். தண்ணீர்க் கம்பியில் அத்தொல்லை இல்லை.

கம்பத்தடியில் 230 வோல்ட், கிணற்றடியில் 204 வோல்ட், ஓட்டம் 5.8 ஆம்பியர் என்று வந்ததாகக் கொள்வோம். இடையில் மறைந்துபோன 26 வோல்ட் எங்கே சென்றது? கம்பியில்தான். 26-ஐ 5.8-ஆல் வகுக்க வருவது 4.5. ஆகவே, போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து 4.5 ஓம் தடை உடையவை.

இந்த 4.5 ஓம் நியாயமான அளவுதானா? இதற்கும் கணக்கு உண்டு. ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உடைய செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.017 ஓம். அலுமினியத்திற்கு 0.028 ஓம். நீளம் கூடினால் அந்த அளவுக்குத் தடை கூடும். பருமன் கூடினால் அந்த அளவுக்குக் குறையும். போக 120 மீட்டர், வர 120 மீட்டர், ஆக 240 மீட்டர். 0.028-ஐ 240-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் 1.7 ஓம் வருகிறது. நல்ல நிலையில் உள்ள கம்பிக்கு இவ்வளவே இருத்தல் வேண்டும். நாம் கண்டதோ 4.5. மிகுதியான 2.8 ஓம் எங்கிருந்து வந்தது?

வழியில் உள்ள இணைப்புகளிலிருந்து வந்தது. காற்றில் அறுந்த கம்பியைக் கையால் முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இடம், அலுமினியத்தின் நுனியில் செம்பை முறுக்கிச் சேர்த்த இடம், துருவேறிய பியூஸ் முனை, திருகு தளர்ந்த ஸ்விட்ச் ஆகியவையே அந்த 2.8 ஓம். அலுமினியத்தின் மேல் காற்றுப்பட்டவுடன் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. செம்போடு சேர்ந்து ஈரமும்பட்டால் அரிப்பு விரைந்து நடக்கும். முறுக்கிய இணைப்பு வெளிப்பார்வைக்கு உறுதியாகவே தோன்றும். மானி ஒன்றே அதன் உண்மையைக் காட்டும்.

இனி மோட்டாரை மீண்டும் இணைப்போம். அது 9 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்க. கம்பியில் வீணாகும் திறனை அறிய, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, வந்த தொகையைத் தடையால் பெருக்க வேண்டும். ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று, அதை 4.5-ஆல் பெருக்க 364 வாட். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பம்பு ஓடினால் மாதத்திற்கு ஏறத்தாழ 65 யூனிட் கம்பியிலேயே வெந்து போகிறது. ஒரு சொட்டு நீரும் ஏறாத இந்த 65 யூனிட்டுக்கு ஊராட்சி நிதியிலிருந்து கட்டணம் செலுத்தப்படுகிறது. இணைப்புகளைச் செம்மையாக்கி 1.7 ஓமுக்குக் கொண்டுவந்தால் வீணாவது 138 வாட், மாதத்திற்கு 25 யூனிட் என்று குறைந்துவிடும். எஞ்சிய 40 யூனிட் மிச்சம். அதனினும் பெரிய ஆதாயம், மோட்டாருக்கு உரிய அழுத்தம் கிடைப்பதே. பழுதான இணைப்புகளில் மட்டும் 227 வாட் சூடு உண்டாகி வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த இணைப்பு ஒரு வைக்கோற்போரின் மேலாகவோ கீற்றுக் கொட்டகையின் ஓரமாகவோ இருந்தால் விளைவு என்னவாகும் என்பதை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இணைப்பைச் சரிசெய்ய ஆகும் செலவு, சில அழுத்திப் பிடிக்கும் இணைப்பு முனைகளின் விலையும் மின்கம்பியாளின் அரைநாள் கூலியுமே. புதிய மோட்டாரை வாங்கி அதே கம்பியில் மாட்டியிருந்தால் அதுவும் பழையதன் வழியே சென்றிருக்கும்.

கம்பத்தடியிலேயே அழுத்தம் குறைவாக இருப்பின் அது ஊராட்சியின் கம்பியால் வந்த குறையன்று. மின்வாரியத்திற்கு எழுத வேண்டியது. அவ்வாறு எழுதும்போது, எங்கள் ஊரில் மின்சாரம் மங்கலாக வருகிறது என்று எழுதுவதால் பயன் சிறிது. இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன எண்ணுள்ள கம்பத்தடியில் 180 வோல்ட் இருந்தது என்று எழுதினால் பொறியாளர் உடனே எதைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, வீட்டளவு மின்சாரத்தின் அழுத்தம் குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் மாறலாகாது என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அந்த ஆறு பங்கின்படி 230 வோல்ட் 216-க்குக் கீழ் இறங்கலாகாது.

மோட்டாரின் முரண்

இதுவரை கூறியதைக் கொண்டு, அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும், ஆகவே மோட்டாருக்குத் தீங்கில்லை என்று ஒருவர் எண்ணக்கூடும். தண்ணீர்க் கம்பிக்கு அது உண்மை. மோட்டாருக்கு நேர்மாறானது. பம்பு மேலேற்ற வேண்டிய நீரின் சுமை குறையவில்லை. அழுத்தம் மட்டும் குறைந்துவிட்டது. சுமையைத் தாங்கும் பொருட்டு மோட்டார் மிகுதியான ஆம்பியரை இழுக்கிறது. மோட்டார்கள் எரிவதற்குப் பெருங்காரணம் இதுவே என்பது நம் கருத்து.

உழவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் ஐந்து குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் அது ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். மும்முனைக்குத் திறன் காணும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, 1.73-ஆலும் பெருக்க வேண்டும். அதோடு திறன் காரணி என்னும் ஒரு பின்னத்தாலும் பெருக்க வேண்டும். மோட்டார் வாங்கும் ஓட்டத்தில் ஒரு பகுதி காந்தத்தை உண்டாக்கச் சென்று, வேலை செய்யாமலே திரும்பிவிடுகிறது. சந்தைக்குப் போய் விலைபோகாமல் திரும்பும் மூட்டையும் வண்டியில் இடத்தை அடைத்துக் கொள்கிறதல்லவா, அதைப் போன்றது இது. இத்தகைய மோட்டாருக்கு அப்பின்னம் 0.82 அளவில் இருக்கும். 415, 7.5, 1.73, 0.82 ஆகிய நான்கையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,400 வாட். ஐந்து குதிரைத்திறன் என்பது 3,730 வாட். மீதமுள்ள ஏறத்தாழ 670 வாட் மோட்டாருக்குள்ளேயே சூடாகவும் உராய்வாகவும் கழிகிறது. தண்ணீரில் மூழ்கியிருப்பதால் அச்சூடு அடங்குகிறது.

அழுத்தம் 350 வோல்ட்டுக்கு இறங்கினால் அதே சுமைக்கு ஓட்டம் ஏறத்தாழ 9 ஆம்பியர் ஆகும். காயிலில் உண்டாகும் சூடு ஓட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 7.5-ஐ 7.5-ஆல் பெருக்க 56. 9-ஐ 9-ஆல் பெருக்க 81. அழுத்தம் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. சூடோ நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு மிகுந்துவிட்டது. மும்முனையில் ஒரு முனை அறுந்து, மற்ற இரண்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகும். சூடு மூன்று மடங்கு. காயிலின் மேல் பூசிய காப்புப்பூச்சு சில நிமிடங்களில் கருகத் தொடங்கும்.

இதைத் தடுப்பதற்காகவே ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே வைக்கப்பட்டிருக்கிறது. ஓட்டம் அளவுமீறினால் அது தானே விழுந்து மோட்டாரை நிறுத்தும். ஆனால், அடிக்கடி விழுகிறதே என்று சலித்து அதன் குமிழை உயர்ந்த எண்ணுக்குத் திருப்பிவைக்கும் வழக்கம் நம் பகுதிகளில் வேரூன்றிவிட்டது. பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பதும் அவ்வகையே. காவல் நாய் குரைப்பது தூக்கத்தைக் கெடுக்கிறதென்று அதன் வாயைக் கட்டியவர் செயலுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது. ரிலேயின் குமிழ், மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறித்த ஆம்பியரிலேயே நிற்க வேண்டும். விழுகிறதென்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள்.

மின்சாரம் நின்று மீண்டும் வரும் வேளையை உழவர்கள் நன்கு அறிவர். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிய மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் கிளம்புகின்றன. நேரடியாகக் கிளம்பும் மோட்டார், அந்தச் சில நொடிகளில் வழக்கமான ஓட்டத்தைப் போல் ஆறு மடங்கு இழுக்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் பத்து ஒரு மின்மாற்றியில் இருந்தால், ஓடும்போது அவை அனைத்தும் சேர்ந்து இழுப்பது 75 ஆம்பியர். கிளம்பும்போது 450 ஆம்பியர். 100 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி ஒன்று முழுச்சுமையில் தரக்கூடியது ஏறத்தாழ 133 ஆம்பியரே. அழுத்தம் சரிகிறது; எந்த மோட்டாரும் உரிய வேகத்தை எட்டுவதில்லை; எட்டாத வரையில் ஆறு மடங்கு ஓட்டமும் தணிவதில்லை. முடிவில் மின்மாற்றியின் பியூஸ் போய்விடும். அல்லது யாரேனும் ஒருவர் மோட்டாரின் காயில் போய்விடும். ஆட்டோ ஸ்டார்ட்டர்களில் காலதாமதம் வைக்கும் வசதி உண்டு. ஒரே மின்மாற்றியைச் சேர்ந்த உழவர்கள் கூடிப் பேசி, ஒருவர் இருபது நொடி, அடுத்தவர் நாற்பது நொடி, அதற்கடுத்தவர் அறுபது நொடி என்று வைத்துக்கொண்டால் போதும். இதற்குச் செலவு இல்லை. அக்கம்பக்கத்தாரோடு ஒருமுறை பேசுதலே வேண்டுவது. நீர்ப் பாசனத்தில் முறைவைப்பது நமக்குப் புதியதன்று.

ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் கேபிளைப் பற்றியும் ஒரு சொல். கடையில் விலை குறைந்த கேபிளைக் கேட்பது இயல்பே. 150 மீட்டர் ஆழத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் இறக்கினால் ஒவ்வொரு கம்பியின் தடையும் 1.7 ஓம். 7.5 ஆம்பியர் ஓட்டத்தில் மூன்று கம்பிகளிலும் வீணாவது 287 வாட்; அழுத்தம் 22 வோல்ட் வரை வீழும். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் வீணாவது 108 வாட். வீழ்ச்சி 8 வோல்ட் அளவே. கட்டணமில்லா மின்சாரம்தானே, வீணானால் என்ன என்று கேட்பவர் அந்த 22 வோல்ட் மோட்டாருக்குச் சேரவில்லை என்பதை மறந்துவிடுகிறார். கிணற்றடியில் ஏற்கெனவே அழுத்தம் குறைவாக உள்ள ஊரில் இக்குறையும் அதனோடு சேரும்.

மண்ணுக்குச் செல்லும் வழி

எர்த் என்று நாம் கூறும் புவித்தொடர்பைப் பற்றி ஊராட்சிகள் கொண்டுள்ள அக்கறை போதாது என்று வருத்தத்துடன் கூற வேண்டியிருக்கிறது. ஒரு குழி தோண்டி, குழாயைப் புதைத்து, ஒரு கம்பியைச் சுற்றிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். அதன் தடை எத்தனை ஓம் என்று யாரும் கேட்பதில்லை.

மோட்டாரின் உள்ளே காப்பு கெட்டு, 230 வோல்ட் உள்ள கம்பி மோட்டாரின் இரும்பு உடலைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குச் சென்று திரும்ப வேண்டும். கோடையில் மண் காய்ந்து, அவ்வழியின் மொத்தத் தடை 20 ஓமாக இருந்தால் ஓட்டம் எவ்வளவு? 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர். ஸ்விட்சில் உள்ள பியூஸ் 15 ஆம்பியருக்கு உரியது. அது உருகாது! மோட்டாரின் உடலும், அதனோடு சேர்ந்த இரும்புக் குழாயும், ஒருகால் பெண்கள் குடம் வைத்து நீர் பிடிக்கும் இரும்புத் திருகும் மின்னழுத்தத்துடன் நின்றுகொண்டிருக்கும். எர்த் இருக்கிறது, பியூஸும் இருக்கிறது, இருந்தும் காப்பு இல்லை. ஈரமான மனித உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ கால் ஆம்பியர். உயிரைப் போக்க அதில் ஒரு பகுதியே போதும்.

அதே வழியின் தடை 2 ஓமாக இருந்தால் ஓட்டம் 115 ஆம்பியர்; பியூஸ் கணப்பொழுதில் போய்விடும். ஆயினும், வறண்ட செம்மண்ணிலும் பாறை நிலத்திலும் 2 ஓமை எட்டுவது எளிதன்று. ஆகையால் எர்த் குழியை நம்பி மட்டும் இராமல், ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் விற்கும் மின்கசிவுத் துண்டிப்பானை ஒவ்வொரு குடிநீர்ப் பம்புக்கும் பொருத்துதல் வேண்டும். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு வழிதவறிக் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதன்று. ஊராட்சி மன்றங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் இயற்றலாம். எர்த் குழியின் தடையை அளக்கும் கருவி மின் ஒப்பந்தக்காரர்களிடம் கிடைக்கும். கோடையின் கடுமையில் அளந்து, கிடைத்த எண்ணையும் நாளையும் ஸ்டார்ட்டர் பலகையின் மேலேயே பெயிண்ட்டால் எழுதிவைப்பது நன்று.

தெருவிளக்குகளுக்கான கணக்கு எளியது. 20 வாட் எல்.இ.டி. விளக்கு 50 இருந்தால் ஆயிரம் வாட். இரவு பதினொரு மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 11 யூனிட், மாதத்திற்கு 330 யூனிட். மின்கட்டண அட்டையில் 600 யூனிட் என்று வந்தால் விளக்குகள் பகலிலும் எரிகின்றன என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஒரு நாள் நண்பகலில் தெருவில் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தொட்டி இயக்குபவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, நாள்தோறும் மோட்டார் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வோல்ட்டையும் ஆம்பியரையும் எழுதிவரச் செய்யுங்கள். இருபது நாள் எழுதினால் அந்த மோட்டாரின் இயல்பான எண்கள் இன்னவை என்று தெரிந்துவிடும். வோல்ட் குறைந்து ஆம்பியர் ஏறினால், மேலே கூறிய முறையில் கம்பத்தடியையும் கம்பியையும் சோதிக்க வேண்டும். வோல்ட் மாறாமல் ஆம்பியர் மட்டும் ஏறினால், பம்பில் மணல் சிக்கியிருக்கலாம் அல்லது தாங்குருளை தேய்ந்திருக்கலாம். வோல்ட் மாறாமல் ஆம்பியர் குறைந்தால் மகிழ்ச்சியடைய வேண்டா. நீர்மட்டம் கீழிறங்கி, மோட்டார் நீரின்றி வெறுமனே சுற்றுகிறது என்பது பொருளாக இருக்கலாம். நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சூழ்ந்த நீரே. அத்தகைய நாளில் மோட்டாரை உடனே நிறுத்திவிட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்க வேண்டும்.